அகல்யாவின் ஆயிரம் அடி

திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகும் சாலையில் அந்தக் கொட்டகையைத் தாண்டிப் போகிறவர்கள் அதை இன்னும் கோழிப்பண்ணை என்றே நினைக்கிறார்கள். தவறில்லை. நீண்டு தாழ்ந்த கூரை, இடுப்புயரச் சுவருக்கு மேல் கம்பிவலை, மழை பெய்தால் லேசாக எழும் பழைய வாடை, எல்லாம் அப்படியே இருக்கின்றன. உள்ளே போனால்தான் கால் தானாக நின்றுவிடுகிறது. கூண்டுகள் இருந்த வரிசையில் லேத்துகள் ஓடுகின்றன. தீவன வண்டி உருண்ட நடைபாதையில் தொடைப் பருமனுள்ள இரும்பு உருளைகளைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். கோடியில் ஒரு ஃபர்னஸ். அதன் சின்னக் கதவு திறக்கும்போதெல்லாம் பாதிக் கொட்டகை சிவந்து அடங்குகிறது.

அங்கே தயாராவது ஹேமர். பெயர்தான் சுத்தியல், பார்வைக்கு நாலடி நீளமுள்ள இரும்புக் குழாய். ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியில், ஒன்றோடொன்று மாட்டி இறக்கும் இருபதடி இரும்பு ராடுகளின் கடைசியில், நிலத்துக்குள்ளே இருப்பது அதுதான். மேலே கம்ப்ரசர் தள்ளும் காற்று உள்ளிருக்கும் பிஸ்டனை முன்னும் பின்னும் விரட்ட, பிஸ்டன் நுனியிலுள்ள பிட்டை, அதாவது கல்லைக் கடிக்கும் பல்லை, விடாமல் அடிக்க, கருங்கல் மாவாகி மேலே வருகிறது. ஹேமர் நின்றால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் எங்கோ ஒரு மானாவாரிக் காட்டில் ஒரு விவசாயி குழியருகே குந்தியிருப்பார்.

டிஎன் 34 என்ற எண்பலகையோடு இந்த ஊர் வண்டிகள் போகாத மாநிலம் குறைவு. ஆனால் அவற்றின் உயிரான ஹேமர் வெகுகாலம் வெளியிலிருந்துதான் வந்தது. அதை இங்கேயே செய்யலாம் என்று ஆரம்பித்தவர்களிடம் பெரிய கம்பெனியின் பணம் இல்லை. வெளிநாட்டுப் பங்குதாரர் இல்லை. நாற்பத்தாறு குடும்பங்கள் சேர்ந்தன. வண்டி வைத்திருப்பவர்கள், ஒரு காலத்தில் அதே வண்டிகளில் ராடு மாட்டியவர்கள், வண்டிக்காரர்களுக்குச் சமைத்துப் போட்டவர்கள். அவர்களை ஒரே கொட்டகைக்குள் கொண்டுவந்தவர் அகல்யா. பள்ளிப் படிப்பைப் பத்தாம் வகுப்போடு முடித்தவர்.

ஜலகண்டாபுரத்துப் பெண். வீட்டுக்குள்ளேயே விசைத்தறி ஓடிய குடும்பம் என்பதால் இரைச்சலுக்கு நடுவே பேசவும் தூங்கவும் சிறு வயதிலேயே பழகியிருந்தார். அது பிற்பாடு பயன்பட்டது. திருச்செங்கோட்டுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கணவர் தனசேகர் போர் வண்டியில் டிரில்லர். வைகாசித் தேருக்கும் தீபாவளிக்கும்தான் வீட்டுக்கு வருவார். பல வருடம் கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்றதில் காது போய்விட்டது. தனக்குக் கேட்காதது பிறருக்கும் கேட்காது என்ற எண்ணத்தில், உப்பு வேண்டும் என்பதைக்கூடத் தெருமுனைக்குக் கேட்கும்படிதான் சொல்வார்.

தனசேகர் ஓட்டிய வண்டி ஆறு பேரின் கூட்டு. அதற்கு ஊரில் ஓர் ஆபீஸ் தேவைப்பட்டபோது, "உங்க ஊட்டு முன்ரூம்புல ஒரு போன் வெச்சுக்கலாமுங்களா?" என்று கேட்டு வைத்தார்கள். போனை எடுப்பது அகல்யாவின் வேலையானது. ராய்ப்பூர் ஏஜென்ட் இந்தியில் பேசுவார். இவர் தமிழில் திட்டுவார். பிறகு இந்தியிலேயே திட்டக் கற்றுக்கொண்டார். அடுத்தபடியாக விலை பேசவும் கற்றுக்கொண்டார். சில வருடங்களில் அந்த முன்ரூமிலிருந்து முப்பதுக்கு மேற்பட்ட வண்டிகளை அவர் நகர்த்திக்கொண்டிருந்தார். எந்த ஜில்லாவில் மழை பொய்த்திருக்கிறது, எந்தச் சாலையில் பாலம் உடைந்திருக்கிறது, எந்த ஊர்ப் பாறை ஹேமரைத் தின்னும் என்றெல்லாம் அவரிடம்தான் கேட்பார்கள். ராய்ப்பூரை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை.

அந்தப் போனில் அவர் அதிகம் கேட்ட வாக்கியம் ஒன்று உண்டு. "அக்கா, ஹேமர் போயிருச்சு." அதற்குப் பிறகு காத்திருப்புதான். டீலரிடம் சரக்கு இருக்காது. பன்னிரண்டு பேர் வண்டியடியில் படுத்துக் கிடப்பார்கள், சமையல்காரர் மட்டும் வேலை செய்வார். உடைந்ததை லாரியில் போட்டு அனுப்பச் சொல்லி, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் லேத்துப் பட்டறை வைத்திருந்த பாக்கியநாதனிடம் கொடுத்துச் சரிசெய்து திருப்பி அனுப்புவார் அகல்யா. பாக்கியநாதன் அதிகம் பேசாத மனிதர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போகும் நேரம் தவிரப் பட்டறையிலேயே இருப்பார்.

"இத்தன தடவ பிரிச்சு மாட்டிருக்கறீங்க. புதுசாவே ஒண்ணு பண்ணீர முடியாதுங்களா தம்பி?" என்று ஒருநாள் அகல்யா கேட்டார்.

பதில் வர ஒரு வாரம் ஆயிற்று. "பண்ணலாம்க்கா. ஆனா ஒண்ணு மட்டும் பண்ண முடியாது. ஒண்ணு பண்றதுக்கு வேணுங்கற மெஷின வெச்சா, ஆயிரம் பண்ணித்தான் ஆகணும்."

அகல்யா அதை வீட்டில் சொன்னார். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த தனசேகர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஹேமரா? நாமளா? நம்ம ஊர்லயா?"

அதையும் தன் வழக்கமான சத்தத்தில்தான் சொன்னார். அடுத்த நாள் காலை அகல்யா கோலம் போட வெளியே வந்தபோது வாசலில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். எதிர்வீட்டு டிரைவர் கேட்டார்: "ஏனுங்க அம்மிணி, ஹேமர் பண்றீங்களாமா. பங்கு மிச்சம் இருக்குதுங்களா?"

இப்படித்தான் அந்தத் தொழிற்சாலைக்கு முதலீடு சேர்ந்தது. விளம்பரமில்லை, வங்கி வாசலில் நிற்கவில்லை. இந்த ஊரில் போர் வண்டிகளை வாங்கிய முறை அதுவே: ஒருவர் அரைப் பங்கு, இருவர் கால் பங்கு, காசில்லாதவர் உழைப்புப் பங்கு. வாய்ச்சொல்தான் பத்திரம். ஒரு வண்டிக்குச் செல்லுபடியான முறை ஒரு தொழிற்சாலைக்கும் செல்லும் என்று அகல்யா நம்பினார். வண்டிக்காரர்களும் நம்பினார்கள். காலியாகக் கிடந்த கோழிக் கொட்டகையை ஒரு பங்குதாரர் தன் பங்காகவே விட்டுக்கொடுத்தார். பழைய லேத்துகள் வந்தன. பாக்கியநாதன் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையைப் பூட்டிவிட்டுத் தன் கருவிகளோடு வந்து சேர்ந்தார்.

முதல் ஹேமரைச் செய்து முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. இரும்பைச் சூட்டில் பதப்படுத்தும் வேலை மட்டும் இங்கே முடியவில்லை. அதற்குக் கோயம்புத்தூருக்கு எடுத்துப்போய்க் காத்திருந்து திரும்ப வேண்டியிருந்தது. சொந்தமாக ஃபர்னஸ் இல்லாமல் இது தொழிலாகாது. ஃபர்னஸ் என்றால் அதுவரை எல்லோரும் போட்ட பணத்தைப் போல இன்னொரு மடங்கு வேண்டும். அதைப் போடக்கூடிய ஆள் பங்குதாரர்களில் ஒருவர்தான் இருந்தார்: அர்த்தநாரி, பதினொரு வண்டிக்குச் சொந்தக்காரர். சமையல் உதவியாளாக வண்டியேறி முதலாளியானவர். அவர் பணத்தோடு கை வைத்தால் மற்றவர்களும் வைப்பார்கள்.

ஹேமரைக் கையால் தடவிப் பார்த்தார் அர்த்தநாரி. "அழகாத்தான் இருக்குது சாமி. பொண்ணு பாக்கற மாரி பாத்துட்டுப் போக முடியுமா? ஆயிரம் அடி ஓட்டிக் காட்டு. நடுவுல பிரிக்கப்படாது. நம்மூரு கருங்கல்லுல. காட்டிப்போட்டின்னா ஃபர்னசு எம் பொறுப்பு."

"காட்டறேங்ண்ணா" என்றார் அகல்யா.

இங்கேதான் ஒரு தவறு நடந்தது. போர் வண்டிக்காரர்களைத் தவிர வேறு யாரும் அந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புது வண்டி இறங்கினால், முதல் குழியைக் காசு வாங்காமல் தண்ணீரில்லாத யாருக்காவது போட்டுக்கொடுப்பார்கள். அந்தக் குழியில் முதலாளி பேச்சு எடுபடாது. நிலத்துக்காரர் போதும் என்றால் நிறுத்த வேண்டும். புது ஹேமருக்கும் அதே மரியாதை என்று முடிவாயிற்று. முதல் குழியும் அதுவே, ஆயிரம் அடிச் சோதனையும் அதுவே. இரண்டையும் ஒன்றாக்கியதில் யாருக்கும் உறுத்தலே இல்லை. தண்ணீர் தேடாமல் பூமியில் துளை போடுவது என்ற எண்ணமே அவர்கள் தலைக்குள் வராது.

இடம், கொட்டகைக்குப் பின்னாலிருந்த பாறைக் கரட்டுக்கு அந்தப் பக்கம், சின்னாயியின் மானாவாரி மேட்டுக்காடு. அறுபது வயதானவர், ஆடு வைத்திருந்தார். அவர் காட்டில் ஏற்கெனவே இரண்டு போர் பொய்த்திருந்தன. ஒன்று தொள்ளாயிரம் அடி. ஆயிரம் அடி ஓட்ட அதைவிடத் தோதான இடம் கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள். தண்ணீர் வராமல் போய்விடுமோ என்றுதான் பயந்தார்கள். வந்துவிடுமோ என்று ஒருவரும் பயப்படவில்லை.

"ஏ அம்மிணி, ஓசியில போட்டுத் தாரேன்னு எங்காட்டுல மூணாவது ஓட்டையும் வெச்சுட்டுப் போகப் போறீங்களா?" என்றார் சின்னாயி.

"வறண்டா மூடி போட்டு வெல்டு வெச்சுக் குடுத்துட்டுத்தான் போவோமுங்க்கா. சும்மா உட மாட்டோம்."

"போதும்னு நாஞ்சொன்னா நிறுத்தோணும். அதுதான மொற?"

"அதுதானுங்க மொற."

இரண்டு வருடத்துக்கு முந்தைய பங்குனி. வண்டி நான்கு கால் ஊன்றி நின்றது. எலுமிச்சை வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டினார்கள். பங்குதாரர்கள் குடும்பத்தோடு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். டீ கேன் வந்தது, முறுக்கு வந்தது.

"என்னப்பா பாக்கியநாதா, நாங்க தேங்கா ஒடச்சுட்டோம். நீயும் உங்க மாதாகிட்ட ஒரு வார்த்த சொல்லி வெய்யி" என்றார் ஒருவர்.

"காலையிலயே சொல்லிட்டேங்க. ரெண்டு மெழுகுவத்தி."

"ரெண்டெதுக்கு?"

"ஒண்ணு ஹேமருக்கு. இன்னொண்ணு அர்த்தநாரியண்ணன் மனசுக்கு."

அர்த்தநாரியே சிரித்துவிட்டார்.

லீவர் அருகே நின்றவர் தனசேகர். வண்டி ஓடும்போது அவரிடம் எதுவும் சொல்ல முடியாது, சொன்னாலும் கேட்காது. அவர் பார்ப்பது அகல்யாவின் கையை மட்டும். விரித்த கை என்றால் ஓட்டு. மூடிய கை என்றால் நிறுத்து.

மேல்மண் போய்ப் பாறை வந்ததும் சத்தம் மாறியது. வெள்ளை மாவு எழுந்து வேப்பமரம் நரைத்தது. ஒரு ராடு இறங்க, அடுத்த ராடு ஏற, மத்தியானம் தாண்டியது. ஹேமர் ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது. பாக்கியநாதன் சாப்பிடவில்லை. ஐநூறைத் தாண்டியபோது பங்குதாரர்கள் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள்.

ஐநூற்று அறுபதாவது அடியில் மாவு கறுத்தது. சேறாயிற்று. அடுத்த நொடி குழிவாயிலிருந்து தண்ணீர் பீறிட்டது. ராடைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் எழுந்து, காற்றோடு சிதறி, கூடியிருந்தவர்கள் மேலெல்லாம் விழுந்தது. ஆடுகள் சிதறி ஓடின. சின்னாயி ஓடவில்லை. நேராக அதற்குள் நடந்து போய் நின்றார். நனைந்த முந்தானையைப் பிழிந்து, கையில் விழுந்ததை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"நல்ல தண்ணி! போதும், நிறுத்துங்க!"

பங்குதாரர்கள் கூட்டத்தில் ஒரு கணம் மகிழ்ச்சி. அப்புறம்தான் உறைத்தது.

"அக்கா, சித்த பொறுங்க" என்று எழுந்து வந்தார் அர்த்தநாரி. "இன்னும் இருவத்திரண்டு ராடுதான். ஆழம் போனா இன்னுந்தான வரும்?"

"அடியில வறண்ட வெடிப்பு ஒண்ணு இருந்து, இருக்கற தண்ணியும் அதுக்குள்ள எறங்கிருச்சுன்னா? உங்க ஊட்டுத் தண்ணியா போவுது?" என்றார் சின்னாயி.

அர்த்தநாரி குழிவாயைத் திரும்பிப் பார்த்தார். அப்படி இறங்கிப்போன குழிகளை அவரே பார்த்திருக்கிறார். ஆனால் பின்னாலிருந்து குரல்கள் எழுந்தன. "ஒரு ராடு பாக்கலாம்!" "நூறடி பாத்துட்டு நிறுத்தலாம்!" "இதுக்குத்தான இத்தன பேரும் வந்திருக்கறோம்!" எல்லோரும் தனசேகரைப் பார்த்துக் கத்தினார்கள். தனசேகருக்கு எதுவும் கேட்கவில்லை. முகமெல்லாம் சேற்றோடு, அவர் மனைவியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அகல்யாவின் கை விரிந்தே இருந்தது. அந்தக் கையில் ஒரு கொட்டகை இருந்தது, பட்டறையைப் பூட்டிவிட்டு வந்த பாக்கியநாதன் இருந்தார், வாய்ச்சொல்லை நம்பிய நாற்பத்தாறு வீடுகள் இருந்தன. இன்னும் சில மணி நேரம் விரித்தே வைத்திருந்தால் ஃபர்னஸ் வந்துவிடும். மூடினால் வருமா என்று தெரியாது.

மூடினார்.

கம்ப்ரசர் அடங்கியது. அந்த அமைதியில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. தனசேகர் கீழே இறங்கிச் சுற்றிலும் பார்த்தார்.

"தண்ணிதான் வந்துருச்சே! அப்புறம் ஏன் எல்லாரும் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நிக்கறாங்க?"

அர்த்தநாரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ செஞ்சது மொறதான் சாமி. நாந் தப்புச் சொல்லல. ஆனா ஆயிரம் காட்டறேன்னு சொன்ன. நாம்பாத்தது ஐநூத்தி அறுவது. பாக்காத மிச்சத்துக்கு எப்படிக் கை வெக்கறது?"

"காட்டறேங்ண்ணா. நாளான்னிக்கு."

"எங்க?"

"கொட்டாய் வாசல்ல."

"அங்க தண்ணி பாத்தாச்சா?"

"பாக்கல. பாக்கவும் போறதில்ல. ஆயிரம் அடி போறதுக்கு மட்டும் ஒரு குழி."

கூட்டம் சலசலத்தது. தண்ணீர் பார்க்காமல் போரா? அப்படி ஒன்றை அவர்களில் யாரும் போட்டதில்லை. ஆகாத காரியம், பூமியைச் சும்மா குத்துவது பாவம் என்று முணுமுணுத்தார்கள். அகல்யா இன்னொன்றும் சொன்னார்: இதே ஹேமர், பிரிக்காமல், கழுவி மட்டும்.

கூட்டம் கலைந்ததும் பாக்கியநாதன் அருகே வந்தார். "அக்கா, அது ஏற்கெனவே ஐநூத்தி அறுபது அடிச்சிருக்கு. ஒரே ஒரு தடவ உள்ள பாத்துக்கறேனே."

"பாத்தா, சரிபண்ணி மாட்டினோம்னுதான் பேசுவாங்க தம்பி. அதுக்குள்ள இருக்கறத நீங்கதான வெச்சீங்க?"

"நாந்தான். அதான் பயமா இருக்கு."

மூன்றாம் நாள் காலை கொட்டகை வாசலில் வண்டி நின்றது. சில பங்குதாரர்கள் வரவில்லை, சகுனம் சரியில்லையாம். அர்த்தநாரி முதல் ஆளாகச் சொந்த நாற்காலியோடு வந்துவிட்டார். தேங்காய் உடைக்கப் போனவர் திரும்பி அகல்யாவைப் பார்த்தார். "என்னன்னு வேண்டிக்கறதுங்க? தண்ணி வரோணும்னா, வரக்கூடாதுன்னா?" யாருக்கும் தெரியவில்லை. ஒன்றும் சொல்லாமலே உடைத்தார்கள்.

அந்த இடத்துப் பாறை வெடிப்பே இல்லாத ஒற்றைக் கல். நூறு, இருநூறு, ஐநூறு. வெறும் மாவு. செய்தி பரவி, வரமாட்டேன் என்றவர்களும் மத்தியானத்துக்குள் வந்துவிட்டார்கள். சாலையில் போன பஸ்கள் வேகம் குறைத்தன. சின்னாயி ஆடுகளோடு வேலியோரம் வந்து நின்றார்.

எண்ணூறுக்கு மேல் சத்தம் மந்தமானது. ராடு இறங்குவது குறைந்தது. பாக்கியநாதன் எழுந்து நின்றுவிட்டார். எல்லார் கண்களும் அகல்யாவின் கைக்குப் போயின. கை விரிந்தே இருந்தது. தனசேகர் ஒரு கையை லீவரில் வைத்தபடி இன்னொரு கையை வண்டியின் இரும்பில் பதித்து, கண்ணை மூடி நின்றார். பிறகு, கம்ப்ரசரையும் மீறிக் கத்தினார்:

"கல்லுதான் மாறுது! ஹேமர் மாறல!"

மாவின் நிறம் மாறியது, கரும்பச்சை. மெல்ல மெல்ல, பிறகு பழைய வேகத்தில் ராடு இறங்கத் தொடங்கியது. ஐம்பதாவது ராடு முழுதாக உள்ளே போனபோது அகல்யா கையை மூடினார்.

ஆயிரம் அடி. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அப்போது நடந்ததை அங்கிருந்தவர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். போர் பொய்த்தால் வண்டி ஆட்கள் எப்படி இருப்பார்களோ அப்படியே ஆகிவிட்டார்கள். ராடு மாட்டுகிறவர்கள் நிலத்துக்காரர் முகத்தைப் பார்க்காமல் தலைகுனிந்து கருவிகளை எடுத்து வைத்தார்கள். டீ ஆறிக்கொண்டிருந்தது. பங்குதாரர்களும் பழக்கத்தில் எழுந்து, துண்டை உதறி, துக்க வீட்டிலிருந்து கிளம்புவது போல நின்றார்கள். அகல்யாவே ஓரமாகப் போய்ச் சுவரில் சாய்ந்துவிட்டார்.

அர்த்தநாரிதான் சுற்றிலும் பார்த்தார். "ஏப்பா, யாரு செத்துப் போயிட்டாங்க? ஆயிரம் அடி போயிருக்குது! ஹேமர மேல எடுங்கப்பா!"

மேலே வந்ததும் பலகையில் கிடத்தினார்கள். பாக்கியநாதன் சிலுவை போட்டுக்கொண்டு திருகினார். பிஸ்டன் வெளியே வந்தது. எண்ணெய் படிந்து கறுத்திருந்ததை அர்த்தநாரி வேட்டி நுனியாலேயே துடைத்தார். நகத்தால் நீளவாக்கில் இழுத்துப் பார்த்தார். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கீறல்கூட இல்ல."

முதலில் கைதட்டியது யாரென்று தெரியவில்லை. பிறகு எல்லோரும் தட்டினார்கள். தலையிலும் புருவத்திலும் கல் மாவோடு நூறு பேருக்கு மேல், தண்ணீர் வராத ஒரு குழியைச் சுற்றி நின்று தட்டிக்கொண்டே இருந்தார்கள். எத்தனையோ ஆயிரம் குழிகளைப் பார்த்தவர்கள். வறண்ட குழிக்கு அவர்கள் கைதட்டியது அன்றுதான். வண்டி நகர்ந்த உடனே தனசேகர் குழிவாயில் இரும்புத் தட்டு வைத்து வெல்டு அடித்தார். கைதட்டல் நின்றதுகூட அவருக்குத் தெரியாது.

அன்றே ஃபர்னஸ் பேச்சு எழுந்தது. அர்த்தநாரி கையை உயர்த்தினார். அவரைப் பார்த்துப் பிறரும். எங்கே வைப்பது, மின்சார இணைப்பை எப்படிக் கொண்டுவருவது என்று பேசிக்கொண்டே போனபோது பாக்கியநாதன் தயங்கிச் சொன்னார்:

"ஃபர்னஸ் ஓடற வரைக்கும் அதக் குளிர வெக்கத் தண்ணி ஓடிட்டே இருக்கணுங்க."

எல்லோரும் வெல்டு வைத்த தட்டைப் பார்த்தார்கள். பிறகு, ஒருவர் பின் ஒருவராக, வேலியோரம் திரும்பினார்கள்.

"என்னடா, எல்லாரும் என்னையவே பாக்கறீங்க?" என்றார் சின்னாயி.

"உங்க காட்டுத் தண்ணிய..." என்று ஆரம்பித்தார் அகல்யா.

"குடத்துக்கு இவ்ளோன்னு விக்கவா? நா என்ன தண்ணி லாரியா வெச்சிருக்கறேன்?" கம்பை ஊன்றி உள்ளே வந்தார். "காசிருக்கறவங்க காசு போட்டீங்க. கொட்டாயி இருக்கறவன் கொட்டாயப் போட்டான். நாந் தண்ணி போடறேன். பங்கு குடுங்க."

"தண்ணிக்குப் பங்கா?" என்றார் அர்த்தநாரி.

"ஏனுங்க, உங்க ஃபர்னசு காசக் குடிச்சுக் குளுருமா?"

அகல்யா சுவரை விட்டு வந்து, "குடுத்தரலாமுங்ண்ணா" என்றார். எதிர்த்துப் பேச யாருக்கும் தைரியமில்லை. நாற்பத்தேழாவது பங்கு சின்னாயியுடையதானது. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்: மோட்டாரும் வால்வும் அவர் காட்டிலேயே இருக்க வேண்டும், அவர்தான் திறப்பார்.

கரட்டைச் சுற்றிக் குழாய் பதிந்தது. ஃபர்னஸ் ஏறியது. கோயம்புத்தூர்ப் பயணம் நின்றது. வடக்கே பஸ்தரில் வண்டி நின்றால் மூன்றாம் நாள் ஹேமர் போய்ச் சேருகிறது. சென்ற வருடம் கென்யாவிலிருந்து ஆர்டர் வந்தபோது அகல்யா முதலில் கேட்டது அங்கே என்ன கல் என்றுதான். மின்வாரியத்திடம் பேசிப் பேசி, பங்குதாரர்கள் தங்கள் செலவிலேயே தனி மின்தடம் இழுத்தார்கள். அதே தடத்தில் பக்கத்தில் இன்னும் நான்கு பட்டறைகள் முளைத்துவிட்டன. கட்டாந்தரையாக இருந்த இடத்தில் இப்போது ஷிஃப்டு மாறும் நேரத்தில் பஸ் நிற்கிறது. கரட்டுக்கு அந்தப் பக்கம் சின்னாயியின் காட்டில் மரவள்ளி நிற்கிறது, மிச்சத் தண்ணீரில்.

காலை எட்டு மணிக்குப் பாக்கியநாதன் ஃபர்னஸ் பக்கத்தில் தயாராக இருப்பார். பதப்படுத்த வேண்டிய பிஸ்டன்கள் வரிசையாக இருக்கும். அகல்யா ஒரு கையில் போனோடு பின்வாசலில் நின்று கரட்டைப் பார்ப்பார். சின்னாயி இதுவரை ஒருநாளும் வால்வைத் திறக்காமல் இருந்ததில்லை. ஆனால் எப்போது திறப்பார் என்பது அன்றைக்கு ஆடுகள் எந்தப் பக்கம் மேயப் போயின என்பதைப் பொறுத்தது. அதுவரை, இந்தியாவின் பாதிப் பாறையைத் துளைக்கும் மற்ற நாற்பத்தாறு முதலாளிகளும் காத்திருக்கிறார்கள்.